கங்காணியார் கழுத்தில் விழுந்த கடைசி வரி

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது நாற்பத்தேழு வயதாகியும் எனக்குத் தீர்மானமாகவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நானும் அதை விட்டேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு திருத்தியபடியே வாசிக்கலாம். அதில் சிலருக்கு ஒரு சுகம் இருக்கிறது.

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்தில் சலூன் வைத்திருக்கிறேன். ஒரு கதிரை, ஒரு பெரிய கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள வாங்கு. எனக்குப் பேச்சு வராது. சலூன்காரனுக்குப் பேச்சு வராது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் வாடிக்கைக்காரர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. தாங்கள் பேசும்போது குறுக்கே பேசாத ஒருவன் அகப்பட்டது அவர்களுக்குப் பெரிய வசதி. எனக்கு ஊர் முழுக்கத் தெரியும். ஊருக்கு என் கை மட்டும் தெரியும்.

எங்கள் வேலை சலூனோடு முடிவதில்லை. செத்த வீட்டுக்கும் போவோம். இறந்தவரின் முகத்தை மழிப்போம், கொள்ளி வைக்கும் மகனுக்கு மொட்டையடிப்போம். முடிந்ததும் அரிசி, தேங்காய், ஒரு வேட்டி என்று எங்களுக்குரியதைத் தருவார்கள். கலியாணப் பேச்சு நடக்கும்போதும் எங்களைத் தேடி வருவார்கள். அந்தக் குடும்பம் எப்படி, பங்காளிகள் யார், இந்தியாவில் எந்த ஊர் என்று ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எங்களை வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஆனால் யாரை வீட்டுக்குள் விடலாம் என்று எங்களிடம்தான் கேட்பார்கள்.

1928ஆம் வருஷமா 29ஆ என்று சரியாக ஞாபகமில்லை. புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சாவு வீட்டு வேலை முடித்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். மடியில் புது வேட்டி. இதை எவன் வேண்டாம் என்று சொல்வான் என்று சும்மா ஒரு யோசனை ஓடியது. கம்பளை வருவதற்குள் விடை கிடைத்துவிட்டது. கதையின் கடைசி வரிதான் எனக்கு முதலில் வந்தது. மீதியை ஒரு மாதமாகப் பழைய காலண்டர் தாள்களின் பின்புறத்தில் எழுதினேன்.

கதை இவ்வளவுதான். ஒரு தோட்டத்தில் கூலி ஆட்களுக்குத் தலைவராக இருந்த பெரிய கங்காணி ஒருவர் இறந்துபோகிறார். கோயில் கட்டியவர், பத்துப் பேருக்குச் சோறு போட்டவர். ஊரே கூடியிருக்கும்போது முன்பின் தெரியாத ஒரு வயதான சவரத் தொழிலாளி எங்கிருந்தோ வந்து நிற்கிறான். தோட்டத்து ஆள் அன்று காய்ச்சலில் கிடப்பதால் இவனையே வேலை செய்யச் சொல்கிறார்கள். மிகவும் நிதானமாகச் செய்கிறான். முடிந்ததும் அரிசியையும் வேட்டியையும் நீட்டுகிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு, “என் தம்பிக்குச் செய்ததற்கு நான் கூலி வாங்குவதில்லை” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறான். அதோடு முடிந்தது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் ஆட்கள் கடல் தாண்டி வந்தபோது சிலர் சட்டி பானை கொண்டுவந்தார்கள். சிலர் புதிதாக ஒரு சாதியும் கொண்டுவந்தார்கள். கப்பலில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. இப்படி நடந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தன் வீட்டில் நடந்ததென்று மட்டும் யாருக்கும் தெரியாது.

கொழும்பிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். பெயர் போட வெட்கமாக இருந்தது. ‘கண்டிவாசி’ என்று மட்டும் போடச் சொல்லி எழுதினேன். அந்தப் பத்திரிகை ஆசிரியர் புண்ணியவான். என் பிழைகளையெல்லாம் திருத்தி, சந்தி சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்து, நானே அடையாளம் காண முடியாதபடி நல்ல தமிழாக்கி அச்சிட்டுவிட்டார். அந்தப் புண்ணியம் எனக்கு எப்படி வினையாகும் என்று அவருக்கு எங்கே தெரியும்?

எங்கள் சலூனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகை வாசிப்பு நடக்கும். வாசிப்பவர் தபால் கந்தோர் கிளாக்கர் ஐயா, யாழ்ப்பாணத்தவர். வாங்கின் நடுவில் உட்கார்ந்து, தலையங்கத்திலிருந்து தைல விளம்பரம் வரை உரத்து வாசிப்பார். போகிற போக்கில் அச்சுப்பிழைகளைப் பென்சிலால் திருத்துவார். திருத்தி யாருக்கு அனுப்புகிறார் என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. எல்லோரும் நானா என்று கூப்பிடும் பக்கத்துச் சாமான் கடை முஸ்லிம் முதலாளி முதலில் வந்து இடம் பிடித்துக்கொள்வார். அவருக்குத் தலையங்கம் வேண்டாம், கதை போதும்.

என் கதை வந்த ஞாயிற்றுக்கிழமை கதிரையில் இருந்தவர் பெரிய கங்காணியார். நிஜமான கங்காணியார். தோட்டத்து வேலையை விட்டுவிட்டுக் கண்டியில் வீடு வாங்கிக் குடியிருந்தவர். அவருடைய ஒரே மகளுக்கு மடுல்கெல்லவில் ஒரு கணக்கப்பிள்ளையின் மகனைப் பேசி முடித்திருந்தார்கள். மகள் நல்ல பிள்ளை. கங்காணியாருக்குச் சவரம் செய்ய வீட்டுக்குப் போகும்போது எனக்குத் தேத்தண்ணி தருவாள். மற்றவர்களைப்போல மூலையில் கவிழ்த்து வைத்த தகரக் குவளையைத் தேடமாட்டாள். எல்லோரும் குடிக்கிற கோப்பையிலேயே தருவாள்.

கிளாக்கர் ஐயா என் கதையை வாசிக்கத் தொடங்கினார். நான் எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. கங்காணியாரின் முகத்தில் ஒரு பாதி நுரை, ஒரு பாதி முடிந்திருந்தது. கத்தி தாடைக்குக் கீழே இறங்கியபோது கடைசி வரி வந்தது. கிளாக்கர் ஐயா வாசித்து நிறுத்தினார். என் கை நடுங்கிவிட்டது.

நுரையின் மேல் ஒரு சிவப்புக் கோடு. பெரிய காயமில்லை, படிகாரம் வைத்ததும் நின்றுவிட்டது. ஆனால் வாங்கில் இருந்த ஆறு பேரும் கண்ணாடியில் பார்த்துவிட்டார்கள். கடைசி வரி வந்தது, கங்காணியாரின் கழுத்தில் இரத்தம் வந்தது. கத்தி பிடித்தவன் கை நடுங்கும் என்று யாருக்காவது தோன்றுமா? கழுத்துத்தான் திடுக்கிட்டது என்று ஆறு பேரும் மனதில் எழுதிக்கொண்டார்கள்.

மீதிப் பாதியும் முடிந்ததும் கங்காணியார் துவாயால் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அவர் தலை மறைந்ததும் நானா தொடையில் தட்டினார்.

“என்டல்லாவே! இப்படிக் கொண்டு போய் விடுவான்னு யாரு நெனச்ச? அந்தக் கண்டிவாசிட கைக்கு ஒரு காப்புப் போடணும்.”

“முடிவே உது?” என்றார் கிளாக்கர் ஐயா. “உது மோசடி. வாசகனை ஒரு பக்கமாக் கூட்டிக்கொண்டு போய்க் கிடங்குக்கை தள்ளிவிடுறது. இலக்கணம் தெரிஞ்சவன் இப்பிடி முடிக்கமாட்டான்.”

“எனக்கு ஆரம்பத்திலயே தெரியும்ங்க” என்றார் பாத்திரக் கடைக்காரர். “அந்தக் கெழவன் வந்து நின்னப்பவே நான் நெனச்சுக்கிட்டேன்.”

அவர் பாதிக் கதையில் குறட்டை விட்டதை நான் கண்ணாடியில் பார்த்திருந்தேன். திருப்பம் உள்ள கதைக்கு இப்படி ஒரு குணம் உண்டு. முடிவு தெரியும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்த பிறகு எல்லோருக்கும் முதலிலேயே தெரிந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள். கிழவன் பிணத்தின் தலையை மடியில் வைத்தது ஏன், கிழவனுக்குத் தோட்டத்துப் பாதை எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார்கள். நான் யோசித்தே இராத காரணங்களையெல்லாம் கண்டுபிடித்தார்கள். பிணத்தின் தலையை மடியில் வைக்காமல் எப்படி மழிப்பது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த வாரம் வேடிக்கை தொடங்கியது. கதையில் சாதி மாறியவர் ஒருவர்தான். ஆனால் அந்தக் கதை தன்னைப் பற்றியதல்ல என்று சொல்ல நான்கு பெரிய மனிதர்கள் சலூனுக்கு வந்தார்கள். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் இராமநாதபுரத்திலிருந்து தன் பாட்டன் பூட்டன் வரலாற்றைத் தொடங்கினார். இரண்டு கன்னமும் முடிந்து மீசை ஒதுக்கியும் பூட்டனே முடியவில்லை. இன்னொருவர் கதையில் வருகிற கங்காணிக்கு ஒரு கோயில், தான் கட்டியது இரண்டு, ஆகவே அது தானல்ல என்றார். நான் “சரிங்க ஐயா, சரிங்க ஐயா” என்று சொல்லிக்கொண்டே கத்தியைத் தீட்டினேன்.

வேடிக்கை நீடிக்கவில்லை. இத்தனை பேர் மறுத்த பிறகும் ஊர் பிடித்துக்கொண்டது மறுக்காத ஒருவரைத்தான். இரத்தம் வந்தது அவர் கழுத்தில்தானே. பேச்சு பஸ் ஏறி மடுல்கெல்லவுக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலம் மாற்றும் நாளைத் தள்ளிப்போட்டார்கள். அந்த வாரம் நான் கங்காணியார் வீட்டுக்குப் போனபோது அந்தப் பிள்ளைதான் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கண் வீங்கியிருந்தது. அதே கோப்பைதான். என்னால் குடிக்க முடியவில்லை.

அந்த வார நடுவில் மாப்பிள்ளையின் தகப்பன் கணக்கப்பிள்ளை நேரே என் சலூனுக்கு வந்தார். அப்போது வேறு ஆட்கள் இல்லை. கதிரையில் உட்கார்ந்து, நான் நுரை பூசும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

“ஒங்ககிட்ட கேட்டா உண்மை தெரியும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். அன்னைக்கு அவரு கழுத்து அசைஞ்சிச்சா, இல்லியா?”

“கழுத்து அசையலீங்க. என் கைதான் நடுங்கிருச்சு.”

“ஏன் நடுங்கணும்?”

என் வாழ்க்கையில் நான் அதிகம் பேசிய நாள் அதுதான். “அந்தக் கதைய எழுதினது நான்தாங்க. யாரையும் மனசுல வச்சு எழுதல. எல்லாம் கற்பனை.”

கணக்கப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நுரை வாய்க்குள் போய்ப் புரையேறும்வரை சிரித்தார்.

“நீங்களா? ‘அந்தோ, அவ்விருத்தன் கரங்கூப்பாது நின்றனன்’னு நீங்களா எழுதினீங்க?”

அந்த ‘அந்தோ’ ஆசிரியர் போட்டது. நான் ‘கையைக் கட்டிக்கிட்டு நின்னான்’ என்றுதான் எழுதியிருந்தேன். அதை எப்படி நிரூபிப்பது? காலண்டர் தாள்கள் கொழும்புக்குப் போய்விட்டன. பத்திரிகைக்காரர்கள் அனுப்பிய பிரதி ஒன்று இருந்தது. அதைச் சந்தா கட்டும் யாரும் வைத்திருக்கலாம். கணக்கப்பிள்ளையின் சிரிப்பு நின்று முகம் மாறியது.

“இப்படிச் சொல்லச் சொல்லி அவருதான் ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரா?”

நான் உதவி செய்யப் போய் கங்காணியாரின் கழுத்தில் இரண்டாவது கீறலையும் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கங்காணியாரே வந்தார். கதிரையில் உட்காரவில்லை.

“ஏம்பா, ஒன்னைய யாரு இந்த வேலையெல்லாம் பாக்கச் சொன்னது? செரைக்கிறவன் கதை எழுதினானாம், அதை நான் காசு குடுத்துச் சொல்லச் சொன்னேனாம். இப்ப மடுல்கெல்லயில இதான் பேச்சு. எம் மகளைப் பத்தி ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தியா?”

“நெனச்சுத்தாங்க ஐயா சொன்னேன்.”

“இனிமே நெனைக்காத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் நின்ற நானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். உள்ளே வந்து வாங்கில் உட்கார்ந்தார்.

“மெய்யாவே நீங்கதானா எழுதின?”

“ஆமாங்க முதலாளி.”

“சரி. நான் நம்புறேன். ஆனா நான் நம்பி ஆகப் போறது ஒண்டுமில்லையே. ஊரு நம்புற மாதிரி ஒரு ஆளு எழுதியீக்கணும்.” கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். “ஞாயித்துக்கிழம அந்தக் கணக்கப்பிள்ளைய நான் எப்படியாச்சும் இங்க கூட்டிட்டு வாறேன். நீங்க வாயத் தொறக்கப்படாது. அது ஒங்களுக்குப் பெரிய கஷ்டமில்லயே?”

ஞாயிற்றுக்கிழமை வாங்கு நிறைந்திருந்தது. கணக்கப்பிள்ளை ஓரமாக உட்கார்ந்திருந்தார். கிளாக்கர் ஐயா பத்திரிகையைப் பிரித்ததும் நானா கைகாட்டி நிறுத்தினார்.

“கிளாக்கர் ஐயா, ஒரு விஷயம். நானும் ரெண்டு வாரமா யோசிச்சுப் பாக்குறேன். கண்டியில இந்த மாதிரித் தமிழ் எழுத எத்தின பேரு ஈக்கிற? நீங்க மொதல்ல கதைய ஏசினப்பவே எனக்குச் சந்தேகம். தன்ட புள்ளய அடுத்தவன் முன்னுக்கு யாருதான் மெச்சுவான்? உண்மையச் செல்லுங்க.”

எல்லோரும் கிளாக்கர் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் ‘விசர்க் கதை கதையாதேங்கோ’ என்று மறுத்துவிடப் போகிறார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் பத்திரிகையை நான்காக மடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஓம்” என்றார். “ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டுதான் இருந்தனான்.”

“அப்போ அந்தக் கங்காணி யாருங்க?” என்று கணக்கப்பிள்ளை பாய்ந்து கேட்டார்.

“கங்காணியோ? ஒரு கங்காணியும் இல்லை. அது எங்கட ஊர்ப் பக்கத்திலை, தீவுப்பகுதியிலை நடந்த விஷயம். உள்ளபடி எழுதினால் சொந்தக்காரர் சண்டைக்கு வருவினம் எண்டு தோட்டத்துக்கு மாத்தினனான். இலக்கியத்திலை அதுக்கு இடமிருக்கு.”

“யாழ்ப்பாணத்துக் கதையா!” கணக்கப்பிள்ளைக்கு உயிர் திரும்பி வந்தது. “அதானே பாத்தேன். நம்ம ஆளுக இப்படியெல்லாம் செய்வாங்களா?”

நம்ம ஆட்கள் இப்படியெல்லாம் செய்யமாட்டார்கள் என்று வாங்கில் இருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். கழுத்து ஏன் அசைந்தது என்று யாரும் கேட்கவில்லை. இருமல் வந்திருக்கும் என்று பாத்திரக் கடைக்காரரே சொல்லிவிட்டார்.

கிளாக்கர் ஐயா அந்தப் பிள்ளைக்காகப் பொய் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று நான் வெகுநாள் யோசித்தேன். முதல் நாள் அந்தப் பிள்ளைக்காக என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் நாளிலிருந்து அப்படி வைத்துக்கொள்ள வழியில்லை. முடிவு மோசடி என்று சொன்னவர் அந்த முடிவின் ஆழத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நான்தான் அவருக்குக் கிருதா ஒதுக்கிக்கொண்டிருந்தேன். கூலி மறுப்பது துறவுக்குக் குறியீடாம். எனக்கு அது புதிய செய்தி. வாலிபர் சங்கத்தில் வாசிக்கச் சொல்லி அழைத்தபோது வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினார். கடைசியாக நான் கேட்டபோது கிழவன் வேட்டியை வாங்கிக்கொண்டு, ஒரு வெண்பாவும் சொல்லிவிட்டுப் போனான். கூட்டம் கைதட்டியது. போன மாதம் அவர் பென்ஷன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனபோது நடந்த உபசாரத்திலும் அந்த வெண்பாவைத்தான் பாராட்டினார்கள். அதன் பிறகுதான் இதை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்தது.

கலியாணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் நடந்தது. அன்று காலையில் பெண்ணின் தகப்பனுக்குச் சவரம் செய்ய வரச்சொல்லி ஆள் வந்தது. என்னைத்தான் கூப்பிட்டார்களா என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டு போனேன். வீட்டின் பின்பக்கம் வாழைமரத்தடியில் கதிரை போட்டிருந்தார்கள். உள்ளே பெண்களின் சத்தமும் கறி தாளிக்கும் வாசனையுமாக இருந்தது. கங்காணியார் வந்து உட்கார்ந்தார். நானும் நுரையைப் பூசினேன். ஒரு கன்னம் முடிந்ததும் கண்ணை மூடியபடியே கேட்டார்.

“அந்த அண்ணங்காரன் பெறகு எங்க போனான்?”

எனக்கு விளங்கவில்லை. “யாருங்க ஐயா?”

“ஒங் கதையிலதான். தம்பிக்குச் செஞ்சுட்டு எறங்கிப் போனானே.”

‘ஒங் கதை’ என்றார். கத்தியை எடுத்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

“அது கற்பனைங்க ஐயா. அவ்வளவு தூரம் நான் யோசிக்கல.”

“யோசிச்சிருக்கணும்” என்றார். “வயசாளி. மழைக்காலம்னு வேற எழுதியிருக்க. அங்க அவனுக்கு யாரு இருக்கா? ஒரு வாய்க் கஞ்சி குடிச்சிட்டுப் போன்னு சொல்லக்கூட அங்க ஆளில்லியா?”

எத்தனையோ பேர் அந்தக் கதையைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கங்காணி யார், அந்த அண்ணன் யார், எழுதினவன் யார் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கிழவன் சாப்பிட்டானா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். இதை வைத்து நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று எதையும் நினைக்கவில்லை. நினைக்காதே என்று அவர்தான் சொல்லியிருந்தாரே.

“பஸ்ஸுல போயிருப்பாருங்க ஐயா” என்றேன். “கம்பளையில எறங்கிக் கடையில சாப்பிட்டிருப்பாரு.”

“ம்” என்றார். கண்ணைத் திறக்கவில்லை. “சோறா?”

“சோறுதாங்க. மீன் கறியோட.”

தலையை லேசாக ஆட்டினார். மறு கன்னத்தை என் பக்கம் திருப்பினார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டாரின் பஸ் சந்தியில் வந்து நின்றுவிட்டதென்று யாரோ ஓடி வந்து சொன்னார்கள். நான் சீக்கிரமாக முடித்துத் துவாயைக் கொடுத்தேன். அவர் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சம்பந்தியை வரவேற்க முன்வாசலுக்குப் போனார்.

இதை எழுதி முடித்தது 1938ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 12ஆம் தேதி, திங்கட்கிழமை, கண்டியில்.